பழைய தேவாலயம்... இடிக்கணுமா, காப்பாத்தலாமா?

விழுப்புரம் பக்கத்தில் முகையூர் மாதிரி, தலைமுறை தலைமுறையாக கிறிஸ்தவர்கள் வாழும் ஊர்கள் நிறைய. இப்படிப்பட்ட ஊர்களில் பழைய ஆலயத்தில் விரிசல் விழுந்தால், முதலில் கிளம்பும் பேச்சு, ``இடிச்சுட்டு கான்கிரீட்ல பெருசா கட்டிடலாம்!''

கொஞ்சம் பொறுங்க!

முகையூர் அடங்கிய புதுச்சேரி - கடலூர் உயர்மறைமாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கு. 1855-ல் கட்டி முடிக்கப்பட்ட புதுச்சேரி தூய தேவதைகளின் அன்னை ஆலயம். உள்ளூர்க்காரர்களுக்கு 'கப்ஸ் கோயில்'. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர்கள். கடற்காற்றிலும் இன்றுவரை பூசை நடக்குது. அதே கடற்கரையில் இருந்த பழைய மேரி கட்டடம் பராமரிப்பில்லாமல் 2014 நவம்பர் மழையில் சரிந்தது. பழைய வடிவத்தில் திரும்பக் கட்டித் திறக்க 2021 ஆயிடுச்சு. பராமரிப்பின் அருமை இப்போ புரியுதா?

எங்கே ஆரம்பிக்கணும்?

பெயின்ட்டில் இல்லை, கூரையில். மழைநீர் இறங்கும் வழிகளைச் சுத்தம் செய்யணும். சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுக்கணும். மெட்ராஸ் டெரஸ் என்றால், தேக்கு உத்திரங்களில் கரையானும் ஈரமும் இருக்கானு பார்க்கணும்.

சிமென்ட் ஏன் வேண்டாம்?

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பெயர்ந்துவிடும். அதனால்தான் நீற்றுப் புளிக்கவைத்த சுண்ணாம்பில் மணல், கடுக்காய், வெல்லம் சேர்த்துப் பூசுறாங்க. காய நாளாகும், ஆனா சுவரோடு ஒத்துப்போகும்.

பூசை நிற்கணுமா?

தேவையில்லை. ஒவ்வொரு பகுதியாக வேலை பார்க்கலாம். அபாயமான இடத்தை மட்டும் மூடிட்டு, பந்தலில் வழிபாடு நடத்தலாம். இன்றைய தேவைக்கு இடமும் கொடுக்கலாம். சென்னை சாந்தோம் பேராலயம் 1896-ல் எழுந்தது. 2000-களின் தொடக்கத்தில் புதுப்பித்தபோது, புனித தோமா கல்லறைக்குத் தனி வழி அமைச்சாங்க. இப்போ பார்வையாளர்கள் வந்தாலும் பூசைக்கு இடைஞ்சல் இல்லை.

மும்பை பைகுல்லாவின் மகிமை மாதா ஆலயம், புதுப்பிப்புக்காக 2019-ல் யுனெஸ்கோ ஆசிய-பசிபிக் விருது வாங்கியது. அதற்கு இரண்டு வருடம் முன்பு அதே விருதை வாங்கியது, நம்ம ஸ்ரீரங்கம்!

உங்க ஊர் ஆலயத்தில் விரிசலா? இடிக்க முடிவெடுக்கும் முன், பாரம்பர்யக் கட்டடங்களில் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. அதுவரை செல்போனில் விரிசல்களைத் தேதியோடு போட்டோ எடுத்துவைங்க. விரிசல் வளருதா, நின்னுடுச்சானு அவருக்கு அதுவே சொல்லும்.