நாட்டுடைமையான எழுத்தும் நாட்டுடைமை ஆகாத படமும்

பாரதியாரின் படைப்புகளைச் சென்னை மாகாண அரசு 1949ஆம் ஆண்டு நாட்டுடைமை ஆக்கியது. அப்போது ஆட்சிக்குத் தலைமை வகித்தவர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ஓ. பி. இராமசாமி ரெட்டியார். அதற்கு முன் பாரதியின் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. இந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' என்ற நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

அதன் பின் தமிழறிஞர்கள் பலரின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அவர்களின் குடும்பத்தாருக்கு அரசு பரிவுத் தொகை வழங்கியது. யார் வேண்டுமானாலும் அந்நூல்களை அச்சிடலாம், இணையத்தில் ஏற்றலாம். ஆனால் இந்த ஏற்பாட்டில் நாட்டுடைமை ஆனது எழுத்து மட்டுமே. எழுத்தோடு சேர்ந்து வந்த ஓவியமும் ஒளிப்படமும் வேறொருவரின் உழைப்பு. அந்த வேறுபாடு தமிழ் வாசகர்களிடம் இன்றும் சரியாகப் பதியவில்லை.

பொன்னியின் செல்வன்: ஒரு கதை, இரண்டு கணக்கு

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அவர் எழுத்து நாட்டுடைமை ஆகாமல் இருந்திருந்தாலும் 2014 முடிவில் பொதுவுக்கு வந்திருக்கும்.

படங்களின் கணக்கு வேறு. அத்தொடருக்கு வரைந்தவர் ஓவியர் மணியம். கல்கியுடன் பயணம் செய்து, இடங்களையும் சிற்பங்களையும் நேரில் பார்த்து வரைந்தவர். வந்தியத்தேவனும் குந்தவையும் இப்படித்தான் இருப்பார்கள் என்று தமிழர் மனத்தில் பதிந்த உருவம் அவருடையது. நந்தினியின் கொண்டையைக்கூட அவர் வரைந்தபடிதான் நினைவில் வைத்திருக்கிறோம். மணியம் 1968இல், 44 வயதில் மறைந்தார். எனவே அவருடைய ஓவியங்களுக்கு 2028 முடியும் வரை பதிப்புரிமை உண்டு. கதையை முழுவதும் இணையத்தில் ஏற்றும் ஒருவர் நடுவே மணியத்தின் படத்தைச் சேர்த்தால், முதல் செயலுக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை; இரண்டாவதற்கு வேண்டும்.

கல்கி இதழ் அதே கதையைப் பின்னாளில் மீண்டும் மீண்டும் வெளியிட்டபோது வினு, மணியம் செல்வன், பத்மவாசன் போன்றோர் வரைந்தார்கள். ஒரே காட்சிக்குப் பல கைகளின் படங்கள் உலவுகின்றன. எது யாருடையது என்று தெரிந்தால்தான் காலத்தைக் கணக்கிட முடியும். அதற்கு இருக்கும் ஒரே சாட்சி பல சமயம் மூலையில் உள்ள கையெழுத்துதான். அதை வெட்டிவிட்டுப் படத்தைப் பகிர்பவர்கள் ஓவியருக்கு மட்டுமல்ல, பின்னால் தேடி வருபவருக்கும் தீங்கு செய்கிறார்கள்.

படத்தின் உரிமையாளர் ஓவியராகவே இருப்பார் என்பதும் இல்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, இதழில் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஓவியர் அந்த இதழுக்காக வரைந்ததை இதழ்களில் வெளியிடும் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், இதழ் உரிமையாளருக்குப் போகும். மற்ற உரிமைகள் ஓவியரிடமே இருக்கும். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படமும் அப்படித்தான். திருமணத்துக்குப் பணம் கொடுத்து எடுத்த படங்களின் முதல் உரிமை, மாற்று உடன்பாடு இல்லாத நிலையில், ஸ்டுடியோக்காரருக்கு அல்ல, பணம் கொடுத்தவருக்கே. இதை அறிந்தவர் மிகக் குறைவு.

உரிமை யாருக்குப் போனாலும் ஓவியத்தின் காலம் ஓவியரின் ஆயுளை வைத்தே எண்ணப்படும். காலண்டர் ஓவியங்களால் வீடுதோறும் நுழைந்த கோவில்பட்டி கொண்டையராஜு 1976இல் மறைந்தார். 2036 முடிய உரிமை உண்டு. சாமி படம்தானே, அதற்கு ஏது உரிமை என்று நினைப்பது தவறு. திருக்குறள் எல்லோருக்கும் பொது. ஆனால் நாம் அறிந்த திருவள்ளுவர் உருவத்தை வரைந்த கே. ஆர். வேணுகோபால் சர்மா 1989 வரை வாழ்ந்தவர்.

கோட்டை பொது, படம் தனி

விழுப்புரம் மாவட்டத்திலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக்கோயிலுக்கோ செஞ்சிக் கோட்டைக்கோ பதிப்புரிமை கிடையாது. புதிதாகக் கட்டிய கட்டடத்தையும், பொது இடத்தில் நிலையாக உள்ள சிலையையும்கூடப் படம் எடுத்து வெளியிடச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் செஞ்சியில் ராஜகிரியை ஒருவர் எடுத்த ஒளிப்படம் அவருடையது. கோட்டை பொதுச்சொத்து என்பதால் அதன் படமும் பொதுச்சொத்து ஆகிவிடாது. முன்பு ஒளிப்படத்துக்கு, அது வெளியான ஆண்டை வைத்து 60 ஆண்டுகள் கணக்கிடப்பட்டன. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஒளிப்படத்தையும் ஓவியம் போலவே எடுத்தவரின் ஆயுளோடு இணைத்துவிட்டது.

அனுமதி இல்லாமல் பயன்படுத்தும் வழிகளும் உண்டு. வகுப்பில் பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ படத்தைப் படியெடுக்கலாம். மணியத்தின் கோடுகளைப் பற்றி விமர்சனம் எழுதுபவர் அந்தக் கோடுகளைக் காட்டத் தேவையான படத்தைச் சேர்க்கலாம். சோழர் வரலாற்றுக் கட்டுரைக்கு அழகு சேர்ப்பதற்காக மட்டும் அதே படத்தை இட்டால் இந்த விலக்கு பொருந்தாது. வகுப்பறைச் சலுகை, வகுப்புக்கு வெளியே எல்லோரும் பார்க்க இணையத்தில் ஏற்றுவதற்கும் நீளும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இணையத்தில் தமிழில் எழுதுவோரிடம் 'நன்றி: கூகுள்' என்று படத்தின் கீழ் எழுதும் வழக்கம் வேரூன்றிவிட்டது. கூகுள் படம் எடுப்பதில்லை. எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது, அவ்வளவுதான். தபால்காரருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கடிதம் எழுதியவரை மறந்த கதை. உண்மையான பெயரை எழுதினாலும் அது அனுமதி ஆகிவிடாது. அதேபோல், அனுமதி பெற்றவரும் பெயரை விட்டுவிடக் கூடாது. உரிமையை விற்றுவிட்ட ஓவியருக்கும், இது என் படைப்பு என்று கூறவும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கவும் 57ஆம் பிரிவு உரிமை தருகிறது. தில்லி விஞ்ஞான பவனில் இருந்த தம் சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்துச் சிதைத்ததற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் அவருக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. பணம் கொடுத்துச் செய்வித்த அரசுக்கே அங்கு இடமில்லாமல் போனது.

எளிதான வழி, உரிமையாளரே முன்கூட்டி அனுமதி தந்த படங்களைத் தேடுவது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002இல் வந்தன. விக்கிமீடியா பொதுவகத்தில் தமிழ்நாட்டுக் கோயில்கள், கோட்டைகள், ஊர்களின் படங்கள் இவ்வகை உரிமங்களோடு ஏராளமாக உள்ளன. படத்தின் பக்கத்திலேயே எடுத்தவர் பெயரும் நிபந்தனையும் இருக்கும். சிலவற்றுக்குப் பெயரைக் குறிப்பிட்டால் போதும். சிலவற்றை மாற்றி வெளியிட்டால், மாற்றியதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். அப்படியும் தேவையான படம் கிடைக்காதவர் செஞ்சிக்கோ மண்டகப்பட்டுக்கோ பேருந்து ஏறித் தாமே எடுத்து வரலாம். எடுத்ததைப் பொதுவகத்தில் ஏற்றினால் அடுத்தவருக்கு அந்த அலைச்சல் இல்லை.