கொல்லன் பட்டறையில் பிறந்த எஃகு

பால் வெட்டும் கத்தியைத் தீட்டுகிறோமே, அந்தக் கூர்மை எப்படி வந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

முன்னாளில் ஊர்க் கொல்லருக்கு வீட்டோடு ஒட்டியே பட்டறை. கரி எரியும் உலை, காற்றூதத் தோல் துருத்தி, பழுத்த இரும்பைப் பிடிக்கக் குறடு, வைத்து அடிக்க அடைகல், ஓங்கி அடிக்கச் சம்மட்டி. கருவிகள் இவ்வளவே.

இரும்பு வேறு, எஃகு வேறு. இரும்பில் சிறிதளவு கரி சேர்ந்தால்தான் எஃகு. தமிழகத்து உருக்குத் தொழிலாளர் இரும்புத் துண்டுகளுடன் ஆவாரங் குச்சியும் பச்சிலையும் சேர்த்து, சிறு களிமண் மூசையில் இட்டு, வாயை மண்ணால் அடைத்தார்கள். துருத்தியை மணிக்கணக்கில் ஊதிக் காய்ச்சினார்கள். குச்சி கரியாகி இரும்பில் கலந்தது. ஆறியபின் மூசையை உடைத்தால், உள்ளே எஃகுக் கட்டி! ஈரோட்டை அடுத்த கொடுமணலில் 1980களில் தொடங்கிய அகழாய்வில் பழங்கால இரும்பு உலைகள் வெளிப்பட்டன.

இந்திய எஃகின் இரகசியத்தை அறிய 1819இல் இலண்டனில் ஆராய்ந்தவர் மைக்கேல் பாரடே. மின்சாரத்தால் புகழ்பெற்ற அந்த மேதையும் ஒரு கொல்லரின் மகனே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலை எஃகு மலிவாக வந்தது. உலைகள் அணைந்தன. அந்த வித்தை ஏட்டில் இல்லை. தந்தையின் கையைப் பார்த்து மகன் கற்றது. உலையோடு அதுவும் அணைந்தது.

பெற்றோர்களே, உங்கள் கையிலும் தொழில் அறிவு இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்; அவர்கள் எழுதி வைக்கட்டும்.