ஒன்பதாவது சிப்

2004இல் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையை அடைத்துக் கட்டிய அறையில் அப்பா டிடிபி சென்டர் நடத்திவந்தார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், டைப் அடிக்க ஒரு அக்கா. 128 எம்பி ரேமில் எக்ஸ்பியும் பேஜ்மேக்கரும் சேர்ந்து ஓடுவது மாட்டு வண்டியில் நெல் மூட்டையோடு குடும்பத்தையும் ஏற்றுவது மாதிரி. மாமா சென்னை போனபோது ரிச்சி தெருவில் 256 எம்பி ரேம் ஒன்று வாங்கி வந்தார். பழையதைக் கழற்றாமல் பக்கத்து ஸ்லாட்டில் செருகினோம். திரையில் ஒன்றுமில்லை. நீளமாக ஒரு பீப், கொஞ்சம் விட்டு இன்னொரு பீப்.

தெரிந்த மெக்கானிக்குக் போன் போட்டோம். "தம்பி, வீட்ல ரப்பர் இருக்கா? பென்சில் அழிக்கிற ரப்பர்தான். ரேம்ல தங்கக் கலர்ல பல்லு பல்லா இருக்கும்ல, அதைத் தேய்ச்சு மறுபடி மாட்டு. டக்குனு சத்தம் கேக்கணும்." தேய்த்தேன். டக்கென்றது. கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது.

இந்த ரப்பர் வைத்தியத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 90களில் 72 பின் ரேம்கள் வந்தபோது சிலவற்றுக்குத் தங்கப் பூச்சு, சிலவற்றுக்கு வெள்ளீயப் பூச்சு. ஸ்லாட்டுக்கும் அப்படித்தான். தங்கத்தோடு வெள்ளீயம் உரசினால், சூடாகி ஆறும் நுண்ணிய அசைவில் வெள்ளீயத் துகள் தங்கத்தின்மேல் ஒட்டி ஆக்சைடாகிவிடும். மாதங்கள் கழித்து மெஷின் காரணமில்லாமல் தொங்கும். பிறகு இரண்டு பக்கமும் தங்கமே வழக்கமானது. ரப்பர் மட்டும் நம் ஊரில் தங்கிவிட்டது.

எங்கள் மெஷின் ஓடியது. ஆனால் சில நாளில் நீலத் திரை. பேஜ்மேக்கர் தானாக மூடிக்கொண்டது. ஆன்டிவைரஸ் போட்டோம், எக்ஸ்பியைத் திரும்ப ஏற்றினோம். புதிதாக என்ன மாட்டினோமோ அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்ற எளிய யோசனை யாருக்கும் வரவில்லை. காசு கொடுத்து வாங்கியதைச் சந்தேகிக்க மனசு வராது.

அந்த நாட்களில்தான் அந்த போஸ்டர் வந்தது. ஊரில் ஒரு பெரியவர் இறந்துபோனார். கறுப்பு பார்டர், நடுவில் படம், மேலே பெரிய எழுத்தில் தலைப்பு. அச்சாகிச் சுவரில் ஒட்டிய பிறகுதான் பார்த்தார்கள். 'பண்ணீர் அஞ்சலி'.

அவர் பையன்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அப்பா கைகூப்பி மன்னிப்புக் கேட்டு, காசைத் திருப்பித் தந்தார். அக்கா ஒன்றுதான் சொன்னாள். "நான் சரியாத்தான் அடிச்சேண்ணே." அடுத்த வாரத்திலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. வரச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

இப்போது கொஞ்சம் பின்னால் போகலாம். 1966இல் ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்ட் யோசித்ததுதான் இன்று நாம் மாட்டும் ரேமின் அடிப்படை. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். 1968இல் காப்புரிமை கிடைத்தது. 1970இல் இன்டெல் 1103 என்ற 1024 பிட் சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கெப்பாசிட்டர் என்பது ஓட்டைக் குடம். தேங்கிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும், நொடிக்குப் பல முறை திரும்ப நிரப்ப வேண்டும். ரேம் எதையும் உண்மையில் ஞாபகம் வைத்திருப்பதில்லை. மறப்பதற்குள் தனக்குத் தானே திரும்பச் சொல்லிக்கொள்கிறது.

70களின் கடைசியில் 16 ஆயிரம் பிட் சிப்புகள் வந்தபோது ஒரு விநோதம் நடந்தது. பிட் மாறும், ஆனால் சிப்பைச் சோதித்தால் பழுது இருக்காது. அதே இடத்தில் திரும்ப எழுதினால் சரியாக நிற்கும். இன்டெல்லின் திமதி மே, மர்ரே வுட்ஸ் இருவரும் 1978இல் காரணத்தைச் சொன்னார்கள். சிப்பை மூடியிருந்த பீங்கான் உறையில் கலந்திருந்த யுரேனியமும் தோரியமும். அவற்றிலிருந்து கிளம்பும் ஆல்ஃபா துகளை ஒரு காகிதத்தால் தடுத்துவிடலாம். ஆனால் உறைக்கும் சிப்புக்கும் நடுவே காகிதம் கிடையாதே. குற்றவாளியைத் தேடி ஊரெல்லாம் அலைந்தால், அவன் போர்த்தியிருந்த போர்வைக்குள்ளேயே இருந்தான்.

நினைவகம் தப்புச் செய்யும் என்பது ஆக அன்றைக்கே தெரியும். அதனால்தான் 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் எட்டு பிட்டுக்கு ஒன்பது பிட் வைத்தார்கள். ஒன்பதாவது வெறும் காவல்காரன். ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று மட்டும் பார்ப்பான். கணக்கு இடித்தால் 'பாரிட்டி செக்' என்று திரையில் போட்டுவிட்டு மெஷினையே நிறுத்திவிடுவான். முரட்டுத்தனம்தான். செய்துகொண்டிருந்த வேலை போகும். ஆனால் தப்பான எழுத்து வெளியே போகாது.

90களில் விலைப்போட்டி முற்றியது. எட்டு சிப் போதுமான இடத்தில் ஒன்பது எதற்கு? 1995இல் வந்த இன்டெல்லின் 430எஃப்எக்ஸ் சிப்செட்டில் பாரிட்டி வசதியே இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டர்களிலிருந்து காவல்காரன் மெல்லக் காணாமல் போனான். சர்வர்களில் மட்டும் தங்கினான், பிழையைத் திருத்தவும் கற்றுக்கொண்டு. 2009இல் கூகுள் சர்வர்களை ஆராய்ந்த பியாங்கா ஷ்ரோடரும் கூட்டாளிகளும், ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம்களில் பிழை வருவதைக் கண்டார்கள். பெரும்பாலும் கதிர்வீச்சு இல்லை, ரேமே பழுது. வங்கிக் கணக்குக்குக் காவல் உண்டு, கும்பகோணத்துக் கண்ணீருக்கு இல்லை என்று அன்று முடிவானது. எனக்கு இது இன்னும் கோபம் தருகிறது.

போஸ்டர் விவகாரத்துக்கு ஒரு மாதம் கழித்து மெக்கானிக் நேரில் வந்து, ஒரு ஃபிளாப்பியைப் போட்டு மெம்டெஸ்ட் ஓட்டினார். நீலத் திரையில் சிவப்பு வரிகள் கொட்டின. பழைய ரேமைக் கழற்றிவிட்டு ஓட்டினார், சிவப்பு. புதியதைக் கழற்றிவிட்டு ஓட்டினார், சுத்தம். "இதான் சார் ஆளு" என்று மாமா வாங்கிவந்ததை மேசையில் வைத்தார். சிவப்பு வரிகளை நான் நோட்டில் குறித்துவைத்தேன், அந்த வயதின் ஆர்வக்கோளாறு. எல்லாவற்றிலும் ஒரே பிட்தான் கெட்டிருந்தது. பைட்டின் கடைசி பிட். 0 வைத்த இடத்தில் 1.

அந்த நோட்டை வருஷங்கள் கழித்துத் திறந்தபோதுதான் உறைத்தது. நாங்கள் அடித்தது பாமினி எழுத்துருவில். அதில் 'க' என்பது ஆங்கில எஃப் விசை, 'ப' என்பது ஜி. கம்ப்யூட்டருக்குள் எஃப் 01100110, ஜி 01100111. கடைசி பிட் ஒன்று புரண்டால் கண்ணீர் பண்ணீராகும். ரேமில் புரண்டதைச் சேமித்தால் டிஸ்க்கிலும் அப்படியே பதிந்துவிடும்.

அக்காவைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று கிளம்பியவன், கீபோர்டைப் பார்த்ததும் நின்றேன். எஃப்பும் ஜியும் அடுத்தடுத்த விசைகள். இரண்டையும் அடிப்பது ஒரே விரல், இடது ஆள்காட்டி.

அப்பாவிடம் காட்டினேன். நோட்டை நெடுநேரம் பார்த்தார். "புரூஃப்ல கண்ணீர்னு பார்த்த ஞாபகம்தான்டா எனக்கு. ஆனா அத அன்னிக்கு நான் சொல்லல" என்றார். பிறகு மேசை டிராயரைத் திறந்து அந்த ரேமை எடுத்து என் கையில் தந்தார். இத்தனை நாள் தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார். பச்சைப் பலகையில் எட்டு கறுப்பு சிப். நடுவில் ஒரு சிப் உட்காரும் அளவுக்கு இடம், ஈயம் வைக்கும் புள்ளிகளோடு, காலியாக இருந்தது.