கரைக்குக் கீழே யார் வீடு?

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டொக்கோவா ஊருக்கு அருகே ஓர் அருவி உண்டு. அதற்கு மேலே, ஓடையின் குறுக்கே கெல்லி பார்ன்ஸ் என்ற சிறிய அணை இருந்தது. அரசாங்க அணை அல்ல. அருவிக்குக் கீழே இருந்த ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் சொத்து.

1899-இல் மின்சாரத்துக்காக மரச்சட்டத்தில் கல் நிரப்பிக் கட்டிய தடுப்பு அது. 1930-களின் இறுதியில் அதன்மேல் மண்ணைக் கொட்டிக் கரையாக்கினார்கள். பிறகு இன்னும் உயர்த்தினார்கள். உயரம் சுமார் 12 மீட்டர். 1957-இல் மின் உற்பத்தி நின்றது. அதற்குப்பின் அது பொழுதுபோக்கு ஏரி. கரையில் மரங்கள் வளர்ந்தன. 1973-இல் எடுத்த ஒரு படத்திலேயே கரையின் வெளிச்சரிவு ஓரிடத்தில் சரிந்து கிடப்பது தெரிகிறது.

1977 நவம்பர் 6, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. மழையில் ஊறியிருந்த கரை உடைந்தது. தண்ணீர் அருவி வழியாக விழுந்து, கல்லூரி வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை அடித்துச் சென்றது. 39 பேர் இறந்தார்கள்.

அணைகளைச் சோதிக்க 1972-லேயே சட்டம் வந்திருந்தது. ஆனால் பட்டியல் எடுத்ததோடு சரி, சோதனைக்குப் பணம் ஒதுக்கவில்லை. ஜார்ஜியாக்காரரான ஜனாதிபதி கார்ட்டர், இந்த விபத்துக்குப் பிறகுதான் சோதனையைத் தொடங்க உத்தரவிட்டார். 1981 வரை ஏறத்தாழ 9,000 அணைகளைப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது.

இந்த அணைகளுக்கு அங்கே உயர் அபாயம், கணிசமான அபாயம், குறைந்த அபாயம் என்று வகை உண்டு. 'உயர் அபாயம்' என்றால் அணை பலவீனம் என்று நானும் முதலில் நினைத்தேன். அது தவறு. உடைந்தால் உயிர் போகும் என்பதுதான் பொருள். கரை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கீழே குடும்பங்கள் இருந்தால் அது உயர் அபாயம். ஓட்டைக் கரையாக இருந்தாலும் கீழே வெறும் வயல் என்றால் குறைந்த அபாயம்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் பிரான்சின் விதியையும் தேடி வாசித்தேன். அங்கே ஆ, பே, சே என்று மூன்று வகுப்பு. உயரமும் கொள்ளளவும் கொண்டு பிரிக்கிறார்கள். ஆனால் 2 மீட்டருக்கு மேல் உயரமும் 50,000 கனமீட்டருக்கு மேல் நீரும் உள்ள சிறு கரைகூட, கீழே 400 மீட்டருக்குள் ஒரே ஒரு வீடு இருந்தால் 'சே' வகுப்பில் சேர்ந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல். கரைக்குச் சொந்தக்காரர் ஒரு கூடை மண்ணைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். கீழே யாரோ வீடு கட்டினால் அவருடைய அணையின் வகை மாறும், செலவும் அவர் தலையில் விழும். அவருக்கு மனக்குறை இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வீட்டில் தூங்குகிறவருக்கு மேலே இருக்கும் கரையைப் பற்றி எதுவும் தெரியாது.

கோப்புகளில் வகை எழுதியே வேலை பார்த்தவன் நான். ஒருமுறை எழுதியதை மறுபடி யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அணை விஷயத்தில் அது கூடாது. சில வருடங்களுக்கு ஒருமுறை யாராவது கரைமேல் ஏறி நின்று, கீழே பார்க்க வேண்டும்.