பிளேக் படைத்த கொல்லன்

கவிஞர்க்கும் ஓவியர்க்கும் ஊக்கங் குன்றுங் காலம் ஒன்றுண்டு. கை தன் தொழிலை மறப்பதில்லை. உள்ளமோ தொழிற்பட மறுக்கும். அத்தகைய காலத்தைத் தாமே படைத்துக்கொண்ட புராணத்தின் துணையாற் கடந்தவர் ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமாகிய வில்லியம் பிளேக்.

1757 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிற் பிறந்த பிளேக், 1772 முதல் ஏழாண்டுகள் செப்புத் தகட்டிற் சித்திரஞ் செதுக்குந் தொழிலைப் பயின்றார். 1800 இல், ஹெய்லி என்னுங் கவிஞரின் அழைப்பை ஏற்றுப் பெல்பம் என்ற கடற்கரைச் சிற்றூரிற் குடியேறினார். ஹெய்லி நல்லெண்ணம் உடையவரே. ஆயினும், அவர் தேடிக்கொடுத்தவை சிற்றுருவப் படம் வரைதல் போன்ற சிறு வேலைகள். வயிற்றுக்கு வழி பிறந்தது. தமக்குரிய பெரும் பணியோ தடைப்பட்டது. பிளேக் மனம் புழுங்கினார். 1803 இற் போர்வீரன் ஒருவனோடு நேர்ந்த பூசல் அரச நிந்தனை வழக்காக முற்றியது. அவ்வாண்டே இலண்டனுக்கு மீண்ட அவர், 1804 தொடக்கத்திற் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார்.

1804 ஒக்டோபரில் ஹெய்லிக்கு அவர் வரைந்த கடிதம் கருதத்தக்கது. ஓர் ஓவியக் கூடத்தைக் கண்டு வந்த மறுநாள், இருபது ஆண்டுகளாக அடைபட்டிருந்த இளமைக்கால ஒளி தமக்கு மீண்டும் கிட்டியதென அதில் எழுதினார். தம்மை வருத்திய பேயுரு ஒன்றை அதற்குரிய நிலையில் அடக்கிவிட்டதாகவுங் கூறினார்.

அப்பேயுரு யாது? 1804 என்னும் ஆண்டைத் தலைப்பேட்டிற் கொண்டு, பல ஆண்டு உழைப்பில் 100 தகடுகளாக நிறைவெய்திய ‘ஜெருசலேம்’ என்ற காவியம் இதற்கு விடை தருகின்றது. அதன் தலைவன் லொஸ் என்னுங் கொல்லன். கற்பனை ஆற்றலின் உருவம் அவன். அவனிடமிருந்தே பிரிந்து எழுகின்றது ஒரு நிழலுரு. ஐயமும் அவநம்பிக்கையுமே அதன் இயல்பு. உன் உழைப்பு வீண் என்று அது அவனைக் கலக்குகின்றது. லொஸ் அதனைக் கொன்றொழித்தானல்லன். அதன் சொல்லுக்கு அடங்கினானுமல்லன். சம்மட்டியையுங் குறட்டையும் அதன் கையிற் கொடுத்து, உலைத் துருத்தியை ஊதுமாறு பணிக்கின்றான்.

இங்கேதான் பிளேக்கின் நுட்பம் விளங்குகின்றது. உருவமற்ற சோர்வோடு போராடுதல் அரிது. அதற்கு ஓர் உருவும் இடமும் அமைத்துவிட்டால், அதனை எதிர்நின்று ஏவலாம். அக்கொல்லனை அவர் வானுலகிலிருந்து வருவித்தாரல்லர். உலோகத்தோடு நாளும் உழைத்த தம் பட்டறையிலிருந்தே எடுத்தார். ஆகவே, புராணம் அவரை வேலையினின்று விலக்கவில்லை, வேலைக்கே திருப்பியது.

அது செல்வத்தையோ புகழையோ ஈட்டித் தரவில்லை. 1809 இல் அவர் நடத்திய கண்காட்சி தோல்வியுற்றது. ‘ஜெருசலேம்’ காவியத்தின் பிரதிகளுள் முழுவதும் வண்ணந் தீட்டப்பெற்றது ஒன்றே. அதற்கும் வாங்குவோர் கிடைத்தல் அரிது என 1827 இல் அவரே எழுதினார். எனினும் உலை அவியவில்லை. யோபுவின் வரலாற்றுச் சித்திரங்கள் 1826 இல் வெளிவந்தன. நோயுற்ற நிலையிலும் தாந்தேயின் காவியத்துக்குச் சித்திரம் வரைந்துகொண்டிருந்தார். அப்பணி முற்றுப்பெறு முன்னரே, 1827 ஓகஸ்ட் 12 ஆந் திகதி அவர் மறைந்தார்.