பருப்பு மாத்தயாவும் லயத்து வாக்கும்

எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் இறப்பரும் தேயிலையும் அடுத்தடுத்த சரிவுகளில் நிற்கும். பால் வெட்டப் போகிறவரும் கொழுந்துக் கூடையோடு ஏறுகிறவரும் விடியலில் ஒரே லயத்திலிருந்து புறப்படுவார்கள். நுவரெலியாவைப் போல இங்கே தமிழர் திரண்டு வாழவில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடந்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்ற 7 தொகுதிகளில் ஒன்றுகூட இந்தப் பகுதி அடங்கிய சப்ரகமுவவில் இல்லை. இவர்களுக்காகப் பேச ருவான்வெல்லைத் தொகுதியின் லங்கா சமசமாஜக் கட்சி உறுப்பினர் என்.எம். பெரேராதான் இருந்தார்.

அவரை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தது காய்ச்சல். 1934-35 மலேரியாவில் தீவெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் மடிந்தார்கள். கேகாலை மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. லண்டனில் ஹரோல்ட் லாஸ்கியிடம் படித்துத் திரும்பிய அந்த இளைஞர், தோழர்களோடு மருந்தும் உணவும் கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். அப்போது பங்கிட்ட பருப்பே அவருக்குப் பெயராகவும் ஒட்டிக்கொண்டது: 'பரிப்பு மாத்தயா', அதாவது பருப்பு ஐயா. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. அடுத்த ஆண்டே ருவான்வெல்லை அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

1948இல் தோட்ட மக்களை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் அவரே. அவரும் அவருடைய கட்சியும் அதை எதிர்த்து வாக்களித்தார்கள். சட்டம் நிறைவேறியது, மறு ஆண்டு தோட்டத் தொழிலாளரின் வாக்கும் பறிபோனது. அதன்பிறகு லயத்து மக்களால் அவருக்கு ஒரு வாக்குகூடக் கூடப்போவதில்லை. ஆனாலும் 1955 அக்டோபரில், சிங்களமும் தமிழும் அரச மொழிகளாக வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தார். சிங்களத் தொகுதி ஒன்றில் நின்று வெல்ல வேண்டியவர் அன்று அதைச் செய்யப் பெரிய துணிவு வேண்டியிருந்தது.

அந்தத் துணிவு அமைச்சர் நாற்காலி வரை வரவில்லை. 1964 ஜூனில் பிரதமர் சிறிமாவோவின் அரசில் நிதியமைச்சரானார். அதே ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், தோட்ட மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. ஒப்பந்தம் செய்வதற்கு முன், போவதா இருப்பதா என்று அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1970இல் மீண்டும் நிதி அவர் கைக்கு வந்தது. 1973-74இல் அந்நியச் செலாவணி வற்றியது, மாவும் அரிசியும் பங்கீட்டில் சுருங்கின. கிராமத்தவருக்கு ஒரு துண்டு வயலோ பலா மரமோ இருந்தது. லயத்துக்காரருக்கு அதுவும் இல்லை. தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. மலேரியாக் காலத்தில் பருப்பு சுமந்த அதே மனிதர்தான் அப்போது நிதியமைச்சர் என்பது இன்றும் நெஞ்சைக் கனக்க வைக்கிறது.

வெள்ளைக்காரக் கம்பெனித் தோட்டங்களைத் தேசியமயமாக்குவது சமசமாஜிகளின் நெடுங்காலக் கோரிக்கை. 1975 அக்டோபரில் அது சட்டமானபோது அவர்கள் அமைச்சரவையில் இல்லை, செப்டம்பரிலேயே விலக்கப்பட்டிருந்தார்கள். 1977 தேர்தலில் அவருடைய எட்டியாந்தோட்டைத் தொகுதியும் அவரைக் கைவிட்டது. 1979 ஆகஸ்ட் 14 அன்று அவர் காலமானார். அவர் எதிர்த்து வாக்களித்த சட்டத்தால் நாடற்றுப் போனவர்களில் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை கொடுத்த சட்டம் 2003இல்தான் வந்தது.