எம்.டி. 90: பூச்சுகளுக்கு அடியில்

வற்றாப்பளையில் நண்பரொருவரின் வீட்டு முற்றத்தில், மாமர நிழலில், பழைய ஹொண்டா எம்.டி. 90 ஒன்று கழற்றிப் பரப்பப்பட்டிருந்தது. நண்பர் சாண்ட் பேப்பரால் முன்கவசத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேலே கறுப்பு. அதன் கீழே தூரிகையால் அடித்த நீல எனாமல். அடியில் சிவப்பு.

"இந்தச் சிவப்புத்தான் ஒரிஜினல். இதையே திரும்ப அடிக்கப்போறன்" என்றார்.

அந்தச் சிவப்பு ஜப்பானியத் தபால் துறையினுடையது. தபால்காரர்களுக்கென்றே ஹொண்டா தயாரித்த வண்டி இது. முன்னும் பின்னும் பாரந்தாங்கிகள், கிளச் பிடி இல்லாத கியர், ஆசனத்துக்கு அடியில் பெற்றோல் ராங்கி. அங்கே ஓடி முடித்தவை இலங்கைக்கு வந்து சேர்ந்தன. கடிதம் சுமக்கச் செய்த வண்டி வன்னியின் மணல் ஒழுங்கைகளில் நெல் மூட்டையும் நோயாளியும் சுமந்தது.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின், வடக்கிற்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. பெருமளவு தளர்வு 2002இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் சில துளிகளை விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மற்றக் குழாயைத் திறப்பார்கள். எஞ்சின் இடிக்கும், அதைத் தணிக்க சிலிண்டர் தலைக்கு அடியில் இன்னொரு கஸ்கற் வைத்து அமுக்கத்தைக் குறைத்தார்கள். பிளக்கில் கரி படியும். எஞ்சின் ஒயிலும் நீர்த்துப்போகும். இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் பிரித்தானியப் பெர்கசன் டிராக்டர்களில் ஒரு வகையும் இதே தத்துவத்தில்தான், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறி ஓடியது. அதற்குப் பொறியியலாளர்களும் கைந்நூலும் இருந்தன. இங்கே ஒழுங்கை முனையிலிருந்த மெக்கானிக்கின் காது மட்டுமே இருந்தது. அந்த அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

இவற்றை நான் நேரில் கண்டவனல்லன். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, தண்ணீரூற்றிலிருந்து புத்தளம் போன குடும்பம் எங்களுடையது. வாப்பாவின் ஹொண்டா 50 திண்ணையோரம் சாவியோடு நின்றது. அதில் பிறகு எந்த எண்ணெய் எரிந்ததோ!

நண்பரின் வண்டிக்கும் ஒரு பிரிவு உண்டு. 2009 மே மாதம் நந்திக்கடலோரம் அதை விட்டுவிட்டே அவர் குடும்பத்துடன் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தார். எத்தனையோ வண்டிகள் அந்த மணலில் துருப்பிடித்து, பழைய இரும்பாகிப் போயின. இவர் அடிச்சட்ட இலக்கத்தைச் சொல்லித் தன்னுடையதை மீட்டுக்கொண்டார்.

முன்கவசம் முடிந்ததும் அடிச்சட்டத்தைப் புரட்டினார். ஆசனத்தின் பக்கத்தில் ஒட்டுப்போட்ட இரும்புப் பட்டியொன்று துருத்திக்கொண்டிருந்தது. பெற்றோல் போத்தல் நின்ற இடம். "இது கொம்பனி வேலை இல்லை. வெட்டி எடுத்தால்தான் வடிவாயிருக்கும்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தபால்காரன் ஓட்டியது ஒரிஜினல் என்றால், நீங்கள் பன்னிரண்டு வருடம் ஓட்டியது என்ன?" என்று கேட்டுவிட்டேன். கேட்க எனக்கு என்ன உரித்து என்று பிறகுதான் தோன்றியது. அந்தப் பன்னிரண்டு வருடமும் நான் ஊரில் இல்லாதவன்.

அவர் மறுமொழி சொல்லவில்லை. 2022இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது தன் மகன் இந்தப் பட்டியைப் பார்த்து விளக்கம் கேட்டதைச் சொன்னார். அடுத்த முறை போனபோது வண்டி பிறைமர் அடித்துச் சாம்பல் நிறத்தில் நின்றது. பட்டியும் சாம்பல் நிறத்தில், இருந்த இடத்திலேயே இருந்தது.